ஒன்பதாவது நிமிஷம்

இதை எழுதுகிறவன் இந்தக் கதையைப் பல வருஷங்களாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்கிற ஆளாக இருந்திருந்தால் கேட்டு ரசித்துவிட்டு மறந்திருக்கலாம். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதுதான் தொல்லையாகிவிட்டது. தணிகாசலம் முப்பது வருஷம் சத்தத்தை அளந்து சாப்பிட்டவர். ஒரு ஜெனரேட்டருக்குக் கூண்டு போட்டால் சத்தம் எவ்வளவு குறைகிறது, ஒரு புகைக்குழாயில் சைலன்சர் மாட்டினால் எவ்வளவு குறைகிறது, போடுவதற்கு முன் எத்தனை, போட்ட பின் எத்தனை என்று மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் தொழில். அந்த வித்தியாசத்தில் அரை டெசிபலைக்கூட யாருக்காகவும் கூட்டிப் போடாதவர் என்று கோயமுத்தூர் வட்டாரத்து மிஷின் கம்பெனிகளில் அவருக்குப் பெயர். அப்படிப்பட்ட மனிதர் வெவ்வேறு வருஷங்களில் ஐந்தாறு தடவை இதைச் சொன்னபோதும் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் கடந்துபோனார். அது எந்த இடம் என்று பிடிபட இத்தனை காலம் ஆயிற்று.

பல்லடத்துக்குத் தெற்கே ஊஞ்சக்காட்டூர் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே முதல் தறி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாத் தறியும் ஒன்றாக நின்ற நாள் என்று ஒன்று வந்ததே இல்லை. கரண்டு போனால்கூடக் கிழக்குத் தெருவில் போகும்போது மேற்குத் தெருவில் இருக்கும், மேற்கில் போகும்போது கிழக்கில் வந்துவிடும். ஆகவே அந்த ஊர் ஜனங்கள் காதைக் கம்மல் மாட்டுவதற்கும் பீடி செருகுவதற்கும் வைத்துக்கொண்டு, பேச்சை அடுத்தவர் உதட்டிலிருந்து கண்ணால் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். பட்டறைக்குள் யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. கழிவு நூலைப் பந்தாக உருட்டி முதுகில் எறிவார்கள், முதுகில் பட்டவர் திரும்புவார், திரும்பியவர் உதட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். பழக்கம் முற்றிப்போய், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை மணவறைக்கு வரச் சொல்லி மாமனார் மல்லிகைப் பந்தை உருட்டி முதுகில் எறிய, மாப்பிள்ளை வெளியூர்க்காரர் என்பதால் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டதாகவும், பாதி ஊர் பின்னாலேயே ஓடிப் பொங்கலூரில் பிடித்துக்கொண்டு வந்ததாகவும் சொல்வார்கள்.

அந்த ஊரில் தெய்வசிகாமணியின் பட்டறையில் பதினாறு தறி. சத்தத்தைக் குறைக்கக் கூரையில் பலகைகள் தொங்கவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்ல, அதற்கு முன்னளவு எடுப்பதற்காகத் தணிகாசலம் முதல் தடவை அங்கே போனார். நடுவில் ஓர் இடத்தைக் குறித்து, தரையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் முக்காலியை நிறுத்தி மீட்டரை வைத்தார். பதினைந்து நிமிஷம் அளக்க வேண்டும், நடுவில் ஒரு தறிகூட நிற்கக் கூடாது, நின்றால் மறுபடி முதலிலிருந்து. அது அவர் தொழிலின் விதி. தெய்வசிகாமணி அந்த விதியைத் தம் விதியாக்கி, "சார் முடிச்சாச்சுன்னு சொல்றவரைக்கும் எவனும் மெயினத் தொடப்படாது" என்று உத்தரவு போட்டு, மேஸ்திரி மாரப்பனை மெயின் சுவிட்சுக்கு முன்னால் கைகட்டி நிற்க வைத்தார்.

அன்றைக்கு நடந்ததைத் தணிகாசலம் எப்போதும் நாலே வாக்கியத்தில் சொல்வார். பதினோராம் தறியில் துளசாமணி என்ற பெண்ணின் முந்தானை மோட்டார் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அவளுடைய தறியின் சுவிட்சு கைக்கு எட்டவில்லை, இரண்டு கையும் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததால் நூல் பந்தை எறிய அவளுக்குக் கை இல்லை. அளவு முடிந்து முக்காலியை மடக்கும்போது பத்தாம் தறியில் இருந்த பழனாத்தாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டிருந்தது.

போலீஸ் வந்து கேட்டபோது பதினைந்து பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "கேக்கலீங்க. தறிச் சத்தம்." அது உண்மை. துளசாமணியின் புருஷன் நாச்சிமுத்து நாலாம் தறியில், இருபதடி தூரத்தில், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். அவனும் அதையேதான் சொன்னான். "ஒரு நொடியில போயிருப்பா, கூப்புடக்கூட நேரமிருந்திருக்காது, வெசனப்படாத" என்று ஊரே அவனைத் தேற்றியது. அவன் தேறவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின மூன்று நாளாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சின்ன விஷயத்துக்காகப் பேசாமலிருந்தார்கள், அவள் வீம்புக்காரி, ஆகவே சாகும்போதும் தன்னைக் கூப்பிட மனசு வராமல்தான் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள் என்று அவன் முடிவு செய்துகொண்டான். அந்த முடிவோடு பட்டறையை விட்டு, பஞ்சாயத்தில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குப் போனான். ஏற்கெனவே தறி பாதி தின்றிருந்த காது, போகப்போக முழுதும் செத்தது.

பலகைத் திட்டத்தை அபசகுனம் என்று தெய்வசிகாமணி மூட்டை கட்டிவிட்டார். எட்டு வருஷம் போயிற்று. வெளிநாட்டில் படுக்கை விரிப்பு வாங்குகிறவர்கள், வேலை செய்கிறவர்களின் காதைக் கெடுக்காத பட்டறையின் துணிதான் வேண்டும் என்று எழுதியதும், மூட்டை அவிழ்ந்தது. சாம்பல் நிறத் துணி போர்த்தி உள்ளே பஞ்சு மாதிரி எதையோ அடைத்த பலகைகள் லாரியில் வந்து கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கின. தறி ஓட்டுகிறவர்கள் அவற்றுக்கு மெத்தை என்று பெயர் வைத்தார்கள். பின்னளவு எடுக்கத் தணிகாசலம் பழைய முன்னளவுத் தாளோடு வந்து இறங்கினார். அதே பதினாறு தறி, அதே இடம். தரையில் சிவப்புப் பெருக்கல் குறி எண்ணெய்க் கறைக்கு அடியில் அப்படியே இருந்தது. பதினோராம் தறியைத் தொட வேறு யாரும் முன்வராததால் பத்தோடு சேர்த்து அதையும் பழனாத்தாளே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் முதலில் பேசினாள். "என்னுங் சார், எட்டு வருசம் கழிச்சு வர்றீங்க, இன்னும் அதே ரெண்டு கொட்டாங்குச்சியத்தான் காதுல கவுத்திக்கிட்டு வர்றீங்க!"

தணிகாசலம் சிரித்து, கழுத்தில் தொங்கிய சிவப்புக் காதுமூடியைத் தொட்டுக் காட்டினார். "இது இல்லாம நான் எந்தப் பட்டறைக்குள்ளயும் கால் வச்சதில்லம்மா. நீங்களும் போடணும்."

"போட்டா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதுங்களே."

"தப்பு. இது மிஷின் சத்தத்தை அமுக்கிடும். அமுங்கினதும் அதுக்கடியில கெடக்குற மனுஷக் குரல் மேல வரும். போடாத உங்களுக்குத்தான் பேச்சு கேக்காது, எனக்கு நல்லாக் கேக்கும்."

"அப்பச் சரி, இனி உங்களப் பத்தி எதயும் உதட்ட அசைச்சுப் பேசலாம், வாய்விட்டுப் பேசப்படாது" என்றாள் பழனாத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தறிகள் ஓட ஆரம்பித்தன.

முதல் நிமிஷத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தொண்ணூற்றொன்பது இருந்த இடத்தில் தொண்ணூற்றிரண்டு. ஏழு டெசிபல்தான், ஆனால் சத்தத்தின் கணக்கில் ஏழு குறைந்தால் ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். தறிக்காரர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது, பல வருஷம் தலையில் சுமந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்தது போல. தணிகாசலம் நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது நிமிஷத்தில், பதினோராம் தறிக்குப் பின்னாலிருந்து, ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஏனுங்க..."

பதினைந்து பேரும் திரும்பினார்கள். முதுகில் எதுவும் படாமல் அவர்கள் திரும்பியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, கரண்ட நிறுத்தச் சொல்லுங்க..."

குரலில் அவசரம் இருந்ததே தவிர பயம் இன்னும் ஏறியிருக்கவில்லை. பால் பொங்குகிறது, வந்து அடுப்பை அணை என்கிற மாதிரிக் குரல். மூன்றாவது தடவை வந்தபோதுதான் அதில் பயம் இருந்தது. அது வெறும் "ஏனுங்க" மட்டும், முதலெழுத்து நீண்டு, கடைசியெழுத்து இல்லாமல். மேஸ்திரி மாரப்பன் ஓடிப்போய் மெயினை இழுத்தார். பதினாறு தறியும் நின்றன. பதினோராம் தறியின் பின்னால் யாரும் இல்லை, தரையில் நூல் பிசிறு மட்டும் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது.

பழனாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "துளசாமணியக்கா" என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, "நான் பக்கத்துத் தறியிலதான இருந்தேன்" என்றாள்.

தணிகாசலம், அந்த நிமிஷத்தைப் பதிவு செய்திருந்த மீட்டரைப் பார்த்தார். அது சத்தத்தைக் கனத்த இடியிலிருந்து கீச்சுக்குரல் வரை பல பட்டைகளாகப் பிரித்துக் காட்டும். மற்ற எல்லாப் பட்டையும் இறங்கியிருந்தன. பெண்குரல் விழும் பட்டை மட்டும் முன்பு எண்பத்துநாலு இருந்தது, இப்போது தொண்ணூற்றைந்து. முன்னளவிலிருந்து பின்னளவைக் கழித்தால் மைனஸ் பதினொன்று. சத்தத்தைக் குறைக்கும் சாதனம் ஒன்று சத்தத்தைக் கூட்டியதாக அவர் அதுவரை எழுதியதில்லை. பேனாவை மூடினார்.

விதிப்படி முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடி ஒன்பதாவது நிமிஷம், மறுபடி மூன்று தடவை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை. தறிகள் நின்றிருந்தால் குரல் இல்லை. ஓட ஆரம்பித்து ஒன்பதாவது நிமிஷம் வந்தால், கூப்பிட்டாள்.

ஊஞ்சக்காட்டூர் இதைக் கேட்டு ஓடிப்போய்விடவில்லை. ஒரு வாரத்தில், புதிதாக வந்த பஸ் நேரத்துக்கு ஒத்துப்போவது போல, ஒத்துப்போயிற்று. ஒன்பதாவது நிமிஷத்தில் யார் தடுத்தாலும் மாரப்பனின் கை மெயினை இழுத்துவிடும் என்பதால் அந்தப் பட்டறை ஒன்பது நிமிஷம் ஓடி, நின்று, மறுபடி ஒன்பது நிமிஷம் ஓடியது. எதிர்ப்புற டீக்கடைக்காரர் அந்த நிறுத்தத்தைப் பார்த்துத் தம் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றினார். பக்கத்துத் தெருவில் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவர்கள் இரண்டு துளசாமணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து டெம்போ பிடித்து ஜனம் வந்தது, வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கேட்டுவிட்டு, செருப்பை மாட்ட மறந்து போனார்கள். அண்ணமார் கோயில் பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"இது பேயி இல்லீங்க. பேயின்னா புதுசா எதயாச்சும் கேக்கும், கோழி கேக்கும், சீல கேக்கும். இது பழைய சத்தம். அன்னிக்கே வந்துருச்சு, நம்ம காதுக்கு இன்னிக்குத்தான் வழி கெடச்சுருக்குது. இதுக்கு நாம் பண்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த வார்த்தை ஊருக்குள் போன வேகத்தில் வேறு எதுவும் போனதில்லை. மறுநாளே ஒவ்வொரு பட்டறையிலும் பெண்கள் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி அதன் மேல் புருஷன்மாரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். எல்லாத் தறிக்கும் மேலாக, எந்த இடத்திலிருந்து கையை உயர்த்தினாலும் எட்டுகிற மாதிரி, ஒரு கயிற்றைக் கட்டி மெயின் சுவிட்சில் கொண்டுபோய் முடிந்தார்கள். யாரும் யாரையும் செய்யச் சொல்லவில்லை. வீடுகளில் ஜனங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு உற்றுக் கேட்க ஆரம்பித்தார்கள், சாப்பிடும்போது கை நின்றது, குழம்பு ஊற்றுகிற கரண்டி நின்றது. நமக்கு அடியில் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ என்ற அதிர்ச்சி ஊர் முகத்தில் மஞ்சள் பூசினது போலத் தங்கிவிட்டது.

தெய்வசிகாமணிக்கு மட்டும் அது ஒத்துப்போகவில்லை. "பலகையக் கழட்டிப்போடறேன் சார், பழைய சத்தமே தேவலை" என்றார். "நீங்க உள்ளத உள்ளபடி மைனஸ் பதினொண்ணுன்னு எழுதிக் குடுங்க. சாதனம் வேலை செய்யலைன்னு கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்குவான். சத்தம் வந்து மூடிக்கும். அவளும் நிம்மதியா இருப்பா, நாமளும் நிம்மதியா இருப்போம்."

"மூடிட்டா இல்லாமப் போயிடுமா?" என்றார் தணிகாசலம்.

"எட்டு வருசம் இல்லாமத்தான் இருந்துச்சு" என்றார் தெய்வசிகாமணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

நாச்சிமுத்துவுக்குச் சேதி கடைசியில்தான் போயிற்று, காது கேட்காதவனிடம் யார் எப்படிச் சொல்வது என்று ஆளாளுக்கு ஒதுங்கியதால். வியாழக்கிழமை காலையில் வால்வு திருப்பும் இரும்புச் சாவி கையோடு வந்து வாசலில் நின்றான். எட்டு வருஷத்தில் அவன் அந்த வாசலை மிதித்ததில்லை. பழனாத்தாள் கைவேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவன் முன்னால் நின்று உதட்டை அசைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய்ப் பதினோராம் தறிக்குப் பின்னால் நின்றான். தறிகள் ஓடின. ஒன்பதாவது நிமிஷம் வந்தது, மற்ற எல்லோர் தோளும் ஒன்றாகக் குலுங்கியது, அவன் மட்டும் சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துத்தான் குரல் வந்து போய்விட்டது என்று தெரிந்துகொண்டான்.

"என்ன சொல்றா?" என்று கேட்டான். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டான், நின்ற தறிகளுக்கு நடுவில் அது ரொம்பப் பெரிதாக இருந்தது.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கரண்டை நிறுத்தச் சொல்கிறாள் என்றார் மாரப்பன். ஏனுங்க என்கிறாள் என்றாள் பழனாத்தாள்.

"ஏனுங்கன்னா? ஆர?"

"உங்களத்தாங்ணா. வேற ஆர அக்கா ஏனுங்கன்னு கூப்புடும்?"

அவன் நம்பவில்லை. இவர்கள் தேற்றுகிறார்கள், அன்றைக்கு ஒரு மாதிரி தேற்றினார்கள், இன்றைக்கு ஒரு மாதிரி என்று அவன் முகம் சொன்னது. அப்போது தணிகாசலம் அவன் தோளைத் தொட்டு மீட்டருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார். தறிகளை ஓட்டச் சொன்னார். சின்னக் கண்ணாடியில் பட்டைகள் வரிசையாக எழும்பி நின்று நடுங்கின. நடுவில் ஒன்றைக் காட்டி, உதடு தெரியப் பேசினார்: "இது மனுஷக் குரல். மத்ததெல்லாம் தறி."

நாச்சிமுத்து எட்டு நிமிஷம் கண் சிமிட்டாமல் பார்த்தான். ஒன்பதாவது நிமிஷத்தில் நடுப்பட்டை எழும்பியது, இறங்கியது, எழும்பியது, இறங்கியது. மூன்றாவது தடவை எழும்பியபோது நீண்ட நேரம் மேலேயே நின்றுவிட்டு விழுந்தது. அவன் விரலைக் கண்ணாடியின் மேல் வைத்து, அது விழுந்த இடம் வரைக்கும் கூடவே கொண்டுவந்தான்.

"மூணு தடவயா?" என்றான். மாரப்பன் தலையாட்டினார்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்." மெயின் விழுந்து பட்டறை நின்றிருந்தது. அவன் யாரையும் பார்க்காமல், சாவியைப் பார்த்துச் சொன்னான். "கூப்புட்டிருக்கறா. மூணு தடவ கூப்புட்டிருக்கறா. நாந்தான்..." அதற்கு மேல் வாய் மட்டும் அசைந்தது. உதட்டைப் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அவன் தெய்வசிகாமணியின் அருகில் போனான். "மொதலாளி, மெத்தையக் கழட்டிராதீங்க. எனக்குக் கேக்காட்டியும் பரவால்ல. வந்து பாத்துட்டுப் போறேன்." தெய்வசிகாமணி தணிகாசலத்தைப் பார்த்தார். எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். பலகை இருப்பதும் இறங்குவதும் அவர் எழுதப்போகும் வித்தியாசத்தில் இருந்தது.

அவர் துணி மடிக்கும் மேஜையில் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். பழைய தாள் ஓரங்களில் மஞ்சளாகியிருந்தது, எழுத்து அவருடையது, கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. நாச்சிமுத்து குனிந்து பார்த்தான்.

"இது அன்னிக்கு எழுதுனதுங்களா?"

ஆமாம் என்று தணிகாசலம் தலையசைத்தார்.

நாச்சிமுத்துவுக்கு எண்கள் தெரியும். விரலை வைத்து வரிவரியாக எண்ணிக்கொண்டு வந்தான். ஒன்பதாவது வரியில் நின்றான். அதில் மற்ற வரிகளைப் போலவே எண்கள் இருந்தன, எழுத்தும் கோணாமல் இருந்தது. விரல் மறுபடி நகர்ந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு, பதினைந்து. கடைசி வரியின் கீழே கையெழுத்து இருந்தது. அவன் நிமிர்ந்து தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கழுத்தில் தொங்கிய சிவப்புக் காதுமூடியைப் பார்த்தான், எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தணிகாசலம் எந்தத் தடவையும் சொன்னதில்லை.

"நீங்க நல்லாருக்கோணும் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றான்.

தணிகாசலம் எழுதினார். பலகைகளால் தறிச் சத்தம் ஏழு டெசிபல் குறைந்திருக்கிறது. ஒன்பதாவது நிமிஷத்தில் வந்தது இயந்திரத்தின் சத்தம் அல்ல, ஆகவே அது கணக்கில் சேராது. சாதனம் வேலை செய்கிறது. அரை டெசிபல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தெய்வசிகாமணி அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப மெத்த இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாந்தான மெயினத் தொடப்படாதுன்னு சொன்னேன்" என்று தனக்குச் சொல்வது போலச் சொன்னார்.

தணிகாசலம் கிளம்புவதற்கு முன் நாச்சிமுத்து இன்னொரு தடவை மீட்டரைப் பார்க்க வேண்டும் என்றான். இந்தத் தடவை மேலே ஓடிய கயிற்றின் நுனியை மாரப்பனிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டான். தறிகள் ஓடின. பதினைந்து பேரும் வேலையைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது நிமிஷத்தில் நடுப்பட்டை எழும்பத் தொடங்கியது. "ஏனுங்க" என்ற குரலின் முதலெழுத்து மற்றவர் காதில் விழுந்து முடிவதற்குள், அவன் தன் முழு உடம்போடும் கயிற்றில் தொங்கி இழுத்தான். மெயின் சுவிட்சு பெட்டியோடு சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. பதினாறு தறியும் நின்றன. இரண்டாவது தடவை யாரும் கூப்பிடவில்லை.

"வந்துட்டேன்" என்றான் நாச்சிமுத்து, பதினோராம் தறியைப் பார்த்து, காது கேட்காதவனின் அந்தப் பெரிய குரலில்.

சுவரில் பெட்டியைத் திரும்பப் பதித்து, மறுநாள் காலையில் ஓட்டினார்கள். ஒன்பதாவது நிமிஷம் வந்தது, போனது, பத்தாவது வந்தது. எல்லோரும் கையை எடுத்துக்கொண்டு நின்றார்கள். பதினைந்தாவது நிமிஷம் வரைக்கும் தறிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அன்றைக்குப் பழனாத்தாள் அழுததைப் போல அந்த ஊரில் யாரும் அழுததில்லை என்றும், அதன் பின் ஊஞ்சக்காட்டூரில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் நடந்துபோய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்றும், நூல் பந்து எறிகிற பழக்கம் நின்றுவிட்டது என்றும் தணிகாசலம் சொல்வார். அதோடு கதையை முடித்துவிட்டு டீ சொல்வார்.

இதை எழுதுகிறவன் அந்த முடிவை நம்பாமலே பல டீ குடித்திருக்கிறான். நம்ப வைத்தது வேறொன்று. தணிகாசலம் ஓய்வு பெற்றபின் அவருடைய பழைய கோப்புகளை அடுக்கிக் கொடுக்கப் போனபோது, அளவுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்ட நேர்ந்தது. ஊஞ்சக்காட்டூர்ப் பின்னளவுக்கு முந்தின தாள்கள் எல்லாவற்றிலும் பதினைந்து வரி. அதற்குப் பிந்தின தாள்களில், சர்க்கரை ஆலை, நூற்பாலை, கல் உடைக்கிற கிரஷர், கல்யாண மண்டப ஜெனரேட்டர், எதுவானாலும் எட்டு வரிதான். எட்டாவது நிமிஷத்தோடு நிறுத்தியிருந்தார். விதிக்கு ஒத்துவராது என்று பல கம்பெனிகள் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தன, திருப்பி அனுப்பிய கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கித்தான் வைத்திருந்தார். இத்தனை வேலையை இழந்தும் ஒரு மனிதர் ஒன்பதாவது நிமிஷத்துக்குள் கால் வைக்கவில்லை.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேஜையின் கீழ் டிராயரில் அந்தச் சிவப்புக் காதுமூடி இருந்தது, பட்டை வெடித்து, உள்பஞ்சு வெளியே தெரிய. அதை எடுத்து மேஜையின் மேல், பதினைந்து வரி உள்ள அந்தப் பழைய மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் காத்திருந்து, இதை எழுதுகிறவன் கேட்டான்:

"சார், முன்னளவு எடுத்த அன்னிக்கு அந்தம்மா முதல் தடவை கூப்பிட்டப்போ, இது உங்க காதுலதானே இருந்துச்சு?"